டார்ன் சாக வேண்டிய இதழ்

ஆம்பிரோஸ் டார்னை மார்ட்டின் ஹோலுப் எரிமலைக்குள் தள்ளியிருக்கிறான். பனிப்பிளவில் உருட்டியிருக்கிறான். கடலடியில் ஒரு நகரத்தோடு சேர்த்துப் புதைத்திருக்கிறான். வேறெதுவும் தோன்றாத ஒரு மாதத்தில் சும்மா ஒரு ரயில் பாலத்திலிருந்து ஆற்றில் விழ வைத்தான். எப்படி விழுந்தாலும் அடுத்த கோடைக்குள் டார்ன் திரும்பி வந்துவிடுவான். உயர்ந்த காலர், கறுப்புக் கையுறை, பாதிச் சிரிப்பு. முந்நூறு வருஷமாகத் தேடிக்கொண்டிருக்கும் சாகாமருந்தை இந்தத் தடவை எந்த ராஜாவின் கல்லறையில் தோண்டலாம் என்ற யோசனை.

நியூயார்க்கில் மார்ட்டின் வேலை செய்த காமிக்ஸ் ஆபீஸில் இதற்கென்று ஒரு வழக்கம் இருந்தது. வில்லன் செத்தால் உடம்பைக் காட்டக் கூடாது. தண்ணீரில் மிதக்கும் தொப்பியைக் காட்டலாம். புகையைக் காட்டலாம். பாறை இடுக்கில் மாட்டிக்கொண்ட ஒற்றைக் கையுறையைக் காட்டலாம். உடம்பு மட்டும் கூடாது. புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு எடிட்டர் நேட் கார்ஃபைன் சொல்லித் தரும் முதல் பாடம் அதுதான்.

"பொணத்தைக் காட்டினா அடுத்த வருஷம் அவனை எங்கேர்ந்து கூப்பிடுவே? நாளைக்கு நாமதான் பொணம்" என்பார்.

பேச்சு பலூன்களுக்குள் எழுத்தெழுதும் டொமினிக் சாலா தன் மேஜையிலிருந்து தலை தூக்காமலே சொல்வான்: "பாவம் டார்ன். சாகாமருந்துக்கு உலகமெல்லாம் அலையறான். அது நேட்டோட டிராயர்ல இருக்கு. யாராவது அவனுக்குச் சொல்லுங்கப்பா."

எல்லோரும் சிரிப்பார்கள். மார்ட்டினும் சிரிப்பான், மற்றவர்களைவிடக் கொஞ்சம் தாமதமாக. டார்னுக்கு அவன் வரைந்து கொடுத்திருந்தது தன் தம்பி எமிலின் முகத்தை. ஆபீஸில் யாருக்கும் அது தெரியாது.

*

மார்ட்டின் பிறந்தது, வளர்ந்தது, இன்னும் இருப்பது எல்லாம் நியூயார்க்குக்குப் பக்கத்து ஊரான பஸேயிக்கில், ரப்பர் ஆலைக்குப் பின்னால் இருக்கும் ஸ்லோவாக் தெருவில். அவன் அப்பா அந்த ஆலையில்தான் வேலை பார்த்துச் செத்தார். அம்மா லுட்மிலா பக்கத்து மாதா கோயிலுக்குப் பலிபீடத் துணி துவைத்துக் கொடுப்பாள். பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவன் மார்ட்டின், அடுத்தவன் எமில், கடைசியில் வெரா. பையன்கள் இரண்டு பேருக்கும் ஒரே கட்டில். சிறுவயதில் வந்த போலியோவால் மார்ட்டினுக்கு இடது கால் இழுக்கும். ராணுவம் அவனை வேண்டாம் என்றது, எமிலை எடுத்துக்கொண்டது.

கொரியாவில், உறைந்துபோன ஒரு மலைமேல், எமிலின் படைப்பிரிவு பின்வாங்கியது. அதற்குப் பிறகு அவனை யாரும் பார்க்கவில்லை. பஸேயிக் வீட்டுக்கு வந்த அதிகாரி தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, "காணவில்லை" என்றார். சில வருஷம் கழித்து வந்தவர், "இறந்ததாகக் கருதப்படுகிறது" என்றார்.

"கருதறாங்களா? யாரு கருதறா?" என்று லுட்மிலா வெராவிடம் கேட்டாள். அவளுக்கு இங்கிலீஷ் பாதிதான் புரியும், வெராதான் மொழிபெயர்த்துச் சொல்வாள். "அவர்கிட்ட சொல்லு. தினம் காலைல என் மூக்குக் கண்ணாடியும்தான் காணாமப் போகுது. செத்துப்போச்சுன்னு பூசை வெச்சுட்டேனா நான்?"

அதிகாரிக்கு வெரா இதை மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

முதல் அதிகாரி வந்துபோன அந்த வாரம்தான் நேட் ஒரு புது வில்லன் கேட்டார். சாகாவரம் தேடுகிற ஆள், வயது முந்நூறு, பார்க்க இருபது, வெள்ளிக்கிழமைக்குள் வேண்டும். மார்ட்டின் உட்கார்ந்தான். அந்த வாரம் அவன் மனசில் ஒரே ஒரு முகம்தான் இருந்தது. வேறு முகம் தேடிப் பார்க்கவும் தோன்றவில்லை. கன்னத்தைக் கொஞ்சம் ஒட்ட வைத்து, காலரை உயர்த்தி, நெற்றிமேல் ஒரு வெள்ளை முடிக்கற்றையை விழ வைத்தான். நேட் பார்த்துவிட்டு, "பய முழியைப் பாரு, திருட்டு முழி. நல்லாயிருக்கு" என்றார்.

தெரு முனையில் மிட்டாய்க் கடை வைத்திருந்த பெட்ராக் ஒருநாள் லுட்மிலாவிடம், "உங்க பையன் வரைஞ்ச புக்கு வந்திருக்கு" என்று ஒரு பிரதியைக் கையில் கொடுத்தார். லுட்மிலா அதைக் கடையிலேயே நின்று புரட்டினாள். வீட்டுக்கு வந்து சமையலறை மேஜைமேல் விரித்தாள். ஒரு படத்தின்மேல் விரலை வைத்தாள்.

"எங்கப்பாவோட காது. அந்தக் காது எமிலுக்குத்தான் வந்தது."

பிறகு கடைசிப் பக்கத்தைத் திருப்பி மார்ட்டினிடம் காட்டினாள்.

"கடைசிப் பக்கத்துல கிணத்துல விழறானே. அப்புறம்?"

"வருவான்மா. அடுத்த இதழ் இல்லைன்னா அதுக்கு அடுத்தது."

"வருவான்ல?" என்றாள். பிறகு அதைக் கத்தரிக்காமல், கிழிக்காமல், தட்டுகளை அடுக்கும் அலமாரியில் நிறுத்தி வைத்தாள்.

லுட்மிலாவுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று யாரும் சொல்ல முடியாது. காகிதம் எது, மகன் எது என்று அவளுக்குத் தெரியும். ஆனால் அன்று முதல் மாதாமாதம் மார்ட்டின் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தால், கோட்டைக் கழற்றும் முன்னே கேள்வி வரும்: "இந்த மாசம் வர்றானா?" நவம்பரில், இறந்தவர்கள் திருநாளில் தெருவே கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும். அவள் கணவனுக்கு மட்டும் ஏற்றுவாள். எமிலுக்காகப் பூசை வைப்பாள், அது நலமாகத் திரும்பி வருவதற்கான பூசை. ஃபாதர் மிகுலா தயங்கித் தயங்கித்தான் அந்தப் பெயரை வாசிப்பார்.

இப்படியே இருபது வருஷத்துக்கு மேல் போனது. மார்ட்டின் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒருமுறை ஒரு பெண்ணை வீட்டுக்கு அழைத்து வந்தான். அவள் அலமாரியில் தட்டுகளுக்கு நடுவே நின்ற வில்லனைப் பார்த்து, "யாரு இந்த மூஞ்சி?" என்று சிரித்தாள். அதற்குமேல் அது நகரவில்லை.

*

வெரா கல்யாணம் ஆகி இரண்டு தெரு தள்ளி இருந்தாள். ஒரு ஞாயிறு, பூசை முடிந்து, முட்டைக்கோஸ் இலையில் இறைச்சி வைத்து வேகவைத்த சாப்பாடு மேஜைக்கு வந்த பிறகு, அவள் நேராகவே பேச்சை எடுத்தாள்.

"அம்மா, அப்பாவோட கல்லறைக் கல்லுல இடம் இருக்கு. எமில் பேரை வெட்டிடலாம். ஒரு பூசை வெச்சுடலாம். ஃபாதரும் சரின்றார்."

"சாப்பிடு" என்றாள் லுட்மிலா.

"எத்தனை வருஷம்மா? ஜன்னல்கிட்ட போய்ப் போய் நிக்கறே. உனக்கும் வயசாகுது."

"எனக்கு வயசாகுதுன்னா அவன் செத்துடணுமா? பார்த்தது யாரு? சொல்லு, ஒருத்தராவது பார்த்தேன்னு சொன்னாங்களா?" அவள் முள்கரண்டியால் மார்ட்டினைக் காட்டினாள். "இதோ இவன் இருக்கானே. மலைலேர்ந்து தள்ளறான், தண்ணில முக்கறான். ஒரு தடவையாவது உடம்பைக் காட்டறானா? காட்டமாட்டான். ஏன்? அவனுக்கே தெரியும்."

"அது ஆபீஸ்ல வெச்ச வழக்கம்மா."

"அப்போ வழக்கத்தை விட்டுட்டுக் காட்டு. நீ காட்டு, நான் கல்லுல பேரை வெட்டச் சொல்றேன்."

வெரா மார்ட்டினைப் பார்த்தாள். லுட்மிலா தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபத்தில் சொன்ன பேச்சு மாதிரித்தான் இருந்தது. ஆனால் சொல்லி முடித்தபின் அவள் தோள்கள் இறங்கின. கனமான ஒன்றை வெகுநேரம் தூக்கி வைத்திருந்தவளுக்கு யாரோ கை கொடுக்க வந்ததுபோல.

பாத்திரம் கழுவும்போது வெரா மெதுவாகச் சொன்னாள்: "கேட்டியா? அவ சாமியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கலை, உன்னைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. நீ விட்டாத்தான் அவ விடுவா."

மார்ட்டினுக்கும் அது வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் எமிலை விளிம்புக்குக் கொண்டுபோய்த் தள்ளுகிறது தன் கைதான். தள்ளிவிட்டு வீட்டுக்கு வந்து, அம்மாவிடம், வருவான் என்று சொல்கிறதும் தான்தான். ஒரே ஒரு முறை அவனைப் படுக்க வைத்துக் கண்ணை மூடிவிட்டால் மூன்று பேருக்கும் விடுதலை என்று அவனுக்குப் பட்டது.

*

உடம்பைக் காட்டலாமா என்று கேட்ட முதல் தடவை நேட் அவனை ஆபீஸ் அறையிலிருந்து துரத்தாத குறை. ஆனால் அந்த வசந்தத்தில் விற்பனை விழுந்து, தொடரையே நிறுத்துவதாக மேலே முடிவாயிற்று. கடைசி இதழுக்கான கதையைப் பேச உட்கார்ந்தபோது மார்ட்டின் திரும்பவும் கேட்டான்.

"உடம்பைக் காட்டணும் நேட். கல் பெட்டில, கண்ணை மூடி. யாரும் சந்தேகப்படாத மாதிரி."

நேட் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "உனக்கு அவன் என்னப்பா பண்ணினான்? இத்தனை வருஷம் உனக்குச் சோறு போட்டவன்."

"அதான். போதும்னு தோணுது."

"கடையையே மூடறோம். நீ அவனைக் கொன்னா என்ன, கல்யாணம் பண்ணி வெச்சு மியாமிக்கு அனுப்பினா என்ன? செய். நான் பார்க்கலை."

அந்தக் கடைசிப் பக்கத்தை மார்ட்டின் வீட்டிலேயே வரைந்தான், தானும் எமிலும் படுத்த கட்டிலுக்குப் பக்கத்து மேஜையில். அந்த முகத்தைச் சீறி, நகைத்து, கெஞ்சி, விழுந்துகொண்டே கத்தி, எல்லா விதத்திலும் வரைந்திருக்கிறான். கண் மூடி வரைந்ததே இல்லை. முதலில் வரைந்தது நடிப்பு மாதிரி இருந்தது, கதவு சாத்தியதும் எழுந்து உட்கார்ந்துவிடுவான் போல. இரண்டாவதில் அவன் தூங்கினான். வாய் லேசாகத் திறந்து, போர்வையை முழுக்க இழுத்துக்கொண்டு எமில் தூங்குவானே, அந்தத் தூக்கம். மார்ட்டின் அதை அழித்தான். அழித்த இடத்தில் தாள் பஞ்சு பஞ்சாக எழும்பியது.

கடைசியில் அப்பா ஞாபகம் வந்தது. சவ அடக்கக் கடையில் பவுடர் போட்டுப் படுக்க வைத்திருந்தபோது அவர் உதடு எப்படி இறுகியிருந்தது, யாரோ வெளியிலிருந்து மூடிவிட்டதுபோல. அந்த வாயை எடுத்து டார்னுக்கு வைத்தான். வைத்ததும் முகம் செத்தது. மார்ட்டின் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, ஜன்னலைத் திறந்து, தெருவில் பிள்ளைகள் பந்து விளையாடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

பக்கங்களை ஆபீஸில் கொடுத்தான். பென்சில் வேலையோடு அவன் பங்கு முடிந்தது. அதற்குமேல் டொமினிக் எழுத்து எழுதுவான், இன்னொருவர் மை பூசுவார், அச்சுக்குப் போய்விடும். அம்மாவிடம் மட்டும் சொல்லி வைத்தான்: "காட்டியிருக்கேன்மா. வந்ததும் பாரு."

"சரி" என்றாள் லுட்மிலா. வெராவை அழைத்துக்கொண்டு போய்க் கல் வெட்டுகிறவரைப் பார்த்து, எழுத்து எவ்வளவு உயரம் வரும் என்று விசாரித்துவிட்டும் வந்தாள்.

*

இதழ் வந்த அன்று மார்ட்டின் வீட்டுக்குள் நுழைந்தபோது கசகசா ரொட்டி வேகும் வாசம் தெருவரை அடித்தது. பண்டிகை நாள் எதுவும் இல்லை. லுட்மிலா மாவு அப்பிய கையோடு கோயில் பாட்டு ஒன்றை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். வெரா மேஜையருகில் கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் கடைசிப் பக்கம் விரிந்து கிடந்தது.

"வா, வந்து பாரு உன் வேலையை."

மார்ட்டின் குனிந்து பார்த்தான். கல் பெட்டி. மார்மேல் மடித்த கைகள். மூடிய கண்கள், அப்பாவின் இறுகிய உதடு. தலைமாட்டில் கதாநாயகன் தொப்பியைக் கழற்றி நிற்கிறான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கீழ் மூலையில், டொமினிக்கின் அழகான கொழுத்த எழுத்தில், 'முடிவு' என்று இருந்தது. அதற்குப் பின்னால் ஒரு கேள்விக்குறி.

டார்ன் கதைகள் எல்லாமே அந்த எழுத்தோடுதான் முடியும். முடிவு, கேள்விக்குறி. பிள்ளைகளை அடுத்த இதழ் வாங்க வைப்பதற்கான தூண்டில் அது. ஸ்கிரிப்டில் அது இல்லை. மார்ட்டின் பென்சிலிலும் போடவில்லை.

"இது தப்பும்மா. இது நான் போட்டதில்லை."

"எனக்கு இங்கிலீஷ் வராது. கேள்விக்குறி தெரியும்" என்றாள் லுட்மிலா. "ஞானோபதேசப் புஸ்தகம் முழுக்க அதுதானே. கேள்வி இருந்தா பதில் பின்னாடி வரும்." ரொட்டியின் ஓரத்தை வெட்டி அவன் வாயருகே நீட்டினாள். "சாப்பிடுறா. முகத்தை ஏன் அப்படி வெச்சிருக்கே?"

மறுநாள் மார்ட்டின் இதழை டொமினிக்கின் மேஜைமேல் போட்டான். டொமினிக் பார்த்தான். புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று.

"அட கடவுளே. கை தானாப் போட்டுடுச்சுப்பா. டார்ன்னாலே கடைசில அது வரும். நான் யோசிக்கக்கூட இல்லை. சரி விடு, யாரு கவனிக்கப் போறா?"

அப்போதுதான் மார்ட்டின் முதல் முறையாக ஆபீஸில் ஒருவனிடம் எமிலைப் பற்றிச் சொன்னான். டொமினிக்கின் முகம் வெளுத்துவிட்டது. அந்த ஞாயிறே அவன் பஸ் பிடித்து பஸேயிக்குக்கு வந்து நின்றான், இஸ்திரி போட்ட சட்டையும் கையில் ஒரு கேக் பெட்டியுமாக.

"அம்மா, அது என் தப்பு" என்றான். வெரா மொழிபெயர்த்தாள். "உங்க பையன் போடலை. நான்தான் போட்டேன், பழக்க தோஷத்துல, யோசிக்காம. கை தானாப் போட்டுடுச்சு. அதுக்கு அர்த்தமே கிடையாது. அவன் செத்துட்டான். உண்மையாவே செத்துட்டான்."

சொன்னபிறகு, தான் யாரைப் பற்றிச் சொல்கிறோம் என்பது அவனுக்கே உறைத்து, வாயைக் கையால் பொத்திக்கொண்டான்.

லுட்மிலா அவன் கையை வாயிலிருந்து எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். விரலிடுக்கில் இருந்த மைக்கறையைப் பார்த்தாள்.

"நல்ல பையன். இவன்கிட்ட சொல்லு வெரா, இவன் தப்புப் பண்ணலை. இவன் யோசிக்கலை, கை தானா போட்டுச்சுன்றானே, அதான். யோசிச்சுப் போட்டிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்."

"என்ன சொல்றாங்க?" என்றான் டொமினிக்.

"சாப்பிடச் சொல்றாங்க" என்றாள் வெரா.

அவன் மூன்று தடவை போட்டுச் சாப்பிட்டான். வேண்டாம் என்று சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. பஸ் ஏறும்போது மார்ட்டினிடம், "அடுத்த இதழ்ல திருத்திடலாமான்னா, அடுத்த இதழே இல்லையேப்பா" என்றான். அழுதுவிடுவான் போலிருந்தது. மார்ட்டின்தான் அவன் முதுகைத் தட்டி ஏற்றிவிட வேண்டியிருந்தது.

கல் வெட்டுகிறவரிடம் வெரா போய், இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

*

அதற்குப் பிறகு மார்ட்டின் ஒரு கடை விளம்பரத்துக்கு நாற்காலியும் மெத்தையும் வரைந்தான். முகமே இல்லாத வேலை. மாதாமாதம் கேள்வி மட்டும் நிற்கவில்லை.

"இந்த மாசம்?"

"இல்லைம்மா. புக்கே வர்றதில்லை இப்போ."

"நிறுத்தி வெச்சிருக்காங்க. அதுக்குத்தானே கேள்விக்குறி."

காத்திருப்பதற்கு முன்பெல்லாம் நடுநடுவே ஒரு தீனியாவது கிடைத்தது, டார்ன் வந்து போவான். இப்போது அதுவும் இல்லாமல் காத்திருந்தாள். இளைத்தாள். ஒரு குளிர்காலத்தில் கோயில் படியில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்தது. அதற்குப்பின் சமையலறைக்குப் பக்கத்திலேயே கட்டில் போட வேண்டியதாயிற்று.

டார்ன் திரும்பி வந்தது அந்த வருஷம்தான். கம்பெனி கை மாறியிருந்தது. புது முதலாளிகள் பழைய வில்லன்களைத் தூசி தட்டி எடுத்தார்கள். எங்கோ கலிஃபோர்னியாவில் இருந்த ஓர் இளைஞன் வரைந்தான். மார்ட்டினிடம் யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய அவசியமும் அவர்களுக்கு இல்லை. பெட்ராக்கின் மகன் பழைய ஞாபகத்தில் ஒரு பிரதியை வீட்டிலேயே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போயிருந்தான்.

மார்ட்டின் வந்தபோது அது லுட்மிலாவின் மடியில் திறந்து கிடந்தது. கல் பெட்டியின் மூடி வெடித்து, பச்சை ஒளிக்கு நடுவே ஒருவன் எழுந்து நின்றான். மொட்டைத் தலை, அகன்ற தாடை, கழுத்தே இல்லாத தோள்கள், மல்யுத்தக்காரன் மாதிரி. காலர் மட்டும் பழைய காலர்.

"இது யாரு?" என்றாள் லுட்மிலா.

பொய் சொல்லியிருக்கலாம். மார்ட்டினுக்கு அது பிறகுதான் தோன்றியது. "டார்ன்மா."

"இவனா?"

"புதுசா ஒருத்தர் வரையறார். முகத்தை மாத்திட்டாங்க."

அவள் பக்கத்தைத் தடவிப் பார்த்தாள். மார்ட்டின் சூப்பைச் சுட வைத்துக் கொண்டுவந்தான். அவள் இரண்டு கரண்டி குடித்தாள்.

"உங்கப்பா செத்தப்போ அவரோட சட்டை பத்து நாள் ஆலைல அவர் அலமாரில தொங்குச்சு. நான் போய் எடுத்துட்டு வரலை. மனசு வரலை. அப்புறம் ஒருநாள் அந்த அலமாரில வேறொருத்தன் பூட்டுத் தொங்குது." கரண்டியைக் கிண்ணத்துக்குள் வைத்தாள். "வரமாட்டான்னு தெரிஞ்சாத்தான்டா ஒருத்தன் இடத்தை இன்னொருத்தனுக்குக் குடுப்பாங்க. வெராவைக் கூப்பிடு. ஃபாதர்கிட்ட சொல்லச் சொல்லு."

"அம்மா, அது வெறும் புக்கும்மா. யாரோ தெரியாதவன் வரைஞ்சது."

"அன்னைக்கு நீயும்தான் வெறும் புக்குல வரைஞ்சே" என்றாள்.

இத்தனை வருஷமாக எந்தப் பேச்சைக் கேட்க வேண்டும் என்று மார்ட்டின் ஏங்கினானோ அதுதான் இது. கேட்டதும் அவனுக்கு உடனே அதைத் திருப்பிவிட வேண்டும் போல இருந்தது. வருவான்மா, அடுத்த இதழில் பழைய முகத்தோடு வருவான் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்தது. லுட்மிலா அதற்குள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள்.

பூசை வைத்தார்கள். கோயிலில் முதல் முறையாக ஃபாதர் மிகுலா அந்தப் பெயரைத் தயங்காமல் வாசித்தார். கல் வெட்டுகிறவர் ஆளை அனுப்பி, பெயருக்குமேல் பதிக்கிற பீங்கான் வில்லைக்கு ஒரு படம் வேண்டும் என்றார். அந்தக் கல்லறையில் எல்லாக் கற்களிலும் அப்படி ஒரு முகம் உண்டு. வெரா தன் வீட்டுப் பரணில் பிஸ்கட் டின்னில் பத்திரப்படுத்தி வைத்திருந்த போட்டோவை எடுத்துக்கொண்டு வந்தாள்.

மார்ட்டின் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். ராணுவத் தொப்பி போட்ட ஒரு பையன். கன்னம் உப்பலாக, மூக்கு சப்பையாக, காமிராவைப் பார்க்கக் கூச்சப்பட்டவன் மாதிரி.

"இது வேற யாரோ. அவன்கூட கேம்ப்ல இருந்தவனா?"

வெரா அவன் முகத்தைப் பார்த்தாள்.

"எமில் படம் எங்கே?" என்றான் மார்ட்டின்.

"மார்ட்டின்" என்றாள் அவள். சின்ன வயதில் அவன் நொண்டிக்கொண்டு பின்தங்கும்போது கூப்பிடுவாளே, அந்தக் குரலில். "அதான் எமில்."

அவன் திரும்பப் பார்த்தான். ஒட்டிய கன்னமும் கூரான தாடையுமாக ஒரு முகம் அவனுக்குக் கண்ணை மூடினாலே தெரிந்தது. எந்தக் கோணத்திலும் எந்த வெளிச்சத்திலும் அவனால் வரைய முடியும். அதை நகர்த்திவிட்டு இந்தப் பையனை அந்த இடத்தில் வைக்கப் பார்த்தான். முடியவில்லை. இந்தப் பையனோடுதான் ஒரே கட்டிலில் படுத்தோம் என்று நினைத்துப் பார்த்தான். போர்வையை இழுத்துக்கொண்டு தூங்கியவன் டார்னாகவே இருந்தான். உதட்டில் பாதிச் சிரிப்போடு.

"ஆமா" என்றான். "எமில்தான். தொப்பி போட்டதுல அடையாளம் தெரியலை."

வெரா போட்டோவை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

பெயர் வெட்டிய கல்லைத் திரும்ப வைக்கிற அன்று லுட்மிலாவைக் கூட்டிப்போக முடியவில்லை, டாக்டர் அசையக் கூடாது என்றிருந்தார். மார்ட்டின் திரும்பி வந்து, கோட்டோடு அவள் கட்டிலருகில் உட்கார்ந்தான்.

"வெச்சுட்டாங்களா?"

"வெச்சுட்டாங்கம்மா. அப்பா பேருக்குக் கீழே. எழுத்து நல்லாயிருக்கு."

"படம்?"

"அதுவும்."

"எப்படி இருக்கான்?"

"நல்லாயிருக்கான்மா."

"சிரிக்கிறானா?"

மார்ட்டின் யோசித்தான். காலையில்தான் பார்த்திருந்தான், கல்லுக்கு முன்னால் வெகுநேரம் நின்றும் இருந்தான். அந்தப் பையன் சிரித்தானா இல்லையா என்பது ஞாபகத்துக்கு வரவில்லை.

"கொஞ்சமா" என்றான்.

"எமிலுக்குக் கொஞ்சமா சிரிக்கத் தெரியாதே" என்றாள் லுட்மிலா.

அவன் அவளுடைய போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டான். அவள் அவனைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், அவன் இன்னும் ஏதாவது சொல்வான் என்று.